வாய் திறக்காத நோயாளி

"ஆஸ்பத்திரியில நீ யார் ஆத்துப் பொண்ணுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, மதுரம்," என்றார் அப்பா.

"அதுக்குத்தான்ப்பா போறேன்," என்றாள் அவள்.

நர்ஸ் படிப்புக்குக் கிளம்பிய அன்று நடந்த பேச்சு அது. மிராசுதார் சாம்பசிவத்தின் பெண் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைப் புடவையில் புது மனுஷியாகிவிடலாம் என்று நம்பினாள். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது. ஊசி போடும்போது நரம்பு அகப்படாமல் இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. முந்தின நாள் கஞ்சி ஊட்டிய கையால், மறுநாள் அதே ஆளின் முகத்தை மூட வேண்டியிருந்தது.

அப்போதுதான் வைரக்கண்ணுவைக் கொண்டுவந்தார்கள். ஆட்சி மாறி, கூலிக்குப் புதுச் சட்டம் வந்த பிறகும் கீழ்வேளூர்ப் பக்கம் அறுவடைத் தகராறு ஓயவில்லை. தடியால் அடிபட்டு அவர் தொடை எலும்பு முறிந்திருந்தது. அப்பாவின் வயலில் வெகுகாலம் ஏர் ஓட்டியவர். வீட்டில் எல்லோரும் அவரை 'வாடா' என்றுதான் கூப்பிட்டார்கள், சிறுமியாக இருந்த அவள் உட்பட. எலும்பு சேரக் காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டுக் கிடந்தவர், அவளைப் பார்த்ததும் "சின்னம்மா, நீங்களா?" என்று எழப் பார்த்தார்.

அதன் பிறகு அவளிடம் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் நீட்டினால்கூட வேண்டாம் என்றார். குடித்தால் சிறுநீர் வரும், பாத்திரம் வைக்க அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்பது காரணம். எப்போதாவது வரும் வார்டு பாய்க்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். உதடு வெடித்தது, ஜுரம் ஏறியது. இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஒரு நோயாளியைத் தண்ணீர் குடிக்க வைக்கத் தெரியாதவள் எதற்கு இந்த வேலைக்கு வந்தாய் என்று தலைமை நர்ஸ் அமிர்தம் எல்லோர் முன்னும் கேட்டார். வேறு வார்டுக்கு மாற்றும்படி கெஞ்சினாள் மதுரம். மாற்ற ஆள் இல்லை என்றுவிட்டார்.

மாலையில் டம்ளரோடு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"குடிங்க."

"வேணாம் சின்னம்மா."

"அப்பா நிலத்தை வித்துட்டுத் திருச்சிக்குப் போயாச்சு. இங்க சின்னம்மான்னு யாரும் இல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கட்டிலைச் சுற்றி வந்து, அவர் முகம் இருந்த பக்கம் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க செத்துட்டா அது என்னாலதான். கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டு எங்கப்பா முன்னாடி நிமிந்து நின்னீங்களே, இதக் கேக்க வாய் வரலையா?"

மீசைக்குள் சிரிப்பு மாதிரி ஏதோ அசைந்தது. "அது உரிமைங்க. சண்டை போட்டுக் கேக்கலாம். இது..."

"இதுவும் அதுதான்."

அவர் தலையை ஏந்திப் பிடித்தாள். விலகவில்லை. ஒரு டம்ளர் குடித்தார், பிறகு இன்னொன்று. அவராகவே கூப்பிடட்டும் என்று, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு அவள் வெளியே நின்றாள். வார்டில் கஞ்சி வாளி வந்து போயிற்று. உள்ளே இருமல் கேட்டது, அப்புறம் சத்தமில்லை. எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை.

"சிஸ்டர்," என்றார் வைரக்கண்ணு. "ஒண்ணுக்கு வருது. பாத்திரத்த எடுத்துட்டு வாங்க."