தொலைபேசிக்குக் கண் கிடையாது

கிரஹாம் ஊருக்கு வந்தால் லீத்தியா வீட்டில்தான் தங்குவான். மான்கறிக் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்வான், பாத்திரம் கழுவித் தருவான், டீசல் இல்லாமல் இந்தப் பனிக்கடலோர ஊர்கள் எப்படிப் பிழைக்கலாம் என்று தூக்கம் வரும்வரை பேசுவான். எரிசக்திப் பொருளாதார நிபுணன். தெற்கே பெரிய பேர். லீத்தியாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். ஒரே குறை, கேள்வி கேட்கும்போது மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டான்.

காற்றாலை வேண்டுமா என்று கேட்டால் வடக்கத்தி ஜனங்கள் பாதிப்பேர் பதிலே சொல்வதில்லை, அவர்களுக்கு அக்கறை கிடையாது என்று அவன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. பேராசிரியர் பதவியை வாங்கித் தந்ததே அந்த அத்தியாயம்தான்.

லீத்தியாவோ காற்றாலைக்காகத் தவம் கிடந்தாள். போன குளிர்காலத்தில் ஊருக்கு மின்சாரம் தரும் டீசல் எஞ்சின் படுத்துவிட, ஊரே குளிருக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் ஒண்டிக் கிடந்தது.

இன்று சமூகக்கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். லீத்தியா பக்கத்தில் கிரஹாம், வழக்கம்போல மடிக்கணினியில் தலையைக் கவிழ்த்தபடி. தெற்கிலிருந்து, காற்றாலை ஒதுக்கும் அதிகாரி தொலைபேசியில் பேசினார்.

"காற்றாலைக்கு உங்களுக்குச் சம்மதமா?"

கூடம் முழுக்கப் புருவங்கள் மேலே ஏறின. அந்த ஊரில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். வேண்டாமென்றால் மூக்கைச் சுளிப்பார்கள். ஒரு மூக்குகூடச் சுளியவில்லை. தொலைபேசிக்குக் கண் கிடையாது என்பது மட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"யாருமே வாயத் திறக்கலையே? கிரஹாம் எழுதினது சரியாப் போச்சு. வேற ஊருக்குக் கொடுத்துடறோம்."

லீத்தியா சட்டென்று கையை நீட்டி கிரஹாமின் மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

"தலையத் தூக்கிப் பாரேன், மனுஷா!"

பார்த்தான். எஞ்சின் ஓட்டுகிற ஜோவானசி புருவத்தை நெற்றி உச்சிக்கு ஏற்றிவைத்துக் காத்திருந்தார்.

"இது... சம்மதமா?"

"பின்னே? போன வருஷமும் இதையேதான்பா சொன்னேன். சீக்கிரம் எழுதிக்கோ, நெத்தி வலிக்குது," என்றார் ஜோவானசி.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்!" என்றாள் லீத்தியா.

கிரஹாமின் முகம் வெளுத்தது. பார்க்கவே லீத்தியாவுக்குப் பாவமாக இருந்தது. இப்போது அவன் சும்மா இருந்துவிட்டால் அவன் பேர் தப்பிக்கும், காற்றாலை போய்விடும்.

அவன் தொலைபேசிப் பக்கம் குனிந்தான்.

"எல்லாருமே சம்மதம் சொல்லிட்டாங்க சார். முகத்தால சொல்றாங்க. இத்தனை வருஷமா நான்தான் பாக்கல."

"அப்போ உங்க புத்தகத்துல இருக்கறது தப்பா?"

கிரஹாம் மெதுவாகப் புருவத்தை உயர்த்தினான்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. லீத்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுடா, நம்மூர்க்காரா!"

"தப்புதான் சார்," என்றான் கிரஹாம். "காற்றாலைய இங்கயே அனுப்புங்க."