கல்குவாரித் தண்ணீர்

திண்டிவனம் பக்கத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடந்த பழைய கல்குவாரியில், சூர்யகலாவும் அவள் தம்பி இளவழகனும் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முக்குளித்தார்கள். மரக்காணத்துக் கடலில் பழகியவர்கள்தான் என்றாலும், அலையே இல்லாத இந்தத் தண்ணீர் அவளுக்குப் பயமாக இருந்தது. அடியைத் தொட்டதும் கல்மாவு கிளம்பிக் கண்ணை மறைத்தது. டார்ச் வெளிச்சமும் தெரியவில்லை. கையை நீட்டித் துழாவினாள். தம்பி இல்லை.

தப்பித்தால் போதுமென்று மேலே கிளம்பியவளுக்கு, கீழே பாறையில் சிலிண்டர் இடிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கம் துழாவிக்கொண்டே திரும்பி இறங்கினாள். துருப்பிடித்த கம்பி வடத்தில் அவன் கால் துடுப்பு சிக்கியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அவன் கையைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவந்தாள்.

“நீ மேல போய்ட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா,” என்றான் கரையில்.

“போய்க்கினுதான்டா இருந்தேன்,” என்றாள். பிடித்த கையை அவளால் விட முடியவில்லை.