மணிலாவிலிருந்து வந்த பேத்தி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கற்பூரம் கொளுத்தி உள்ளங்கையில் அணைத்துச் சத்தியம் செய்தாகிவிட்டது. முதல் கற்பூரம் மழை ஈரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை என்பதால் இன்னொன்றையும் கொளுத்தி அணைத்தாயிற்று. ஆகவே மற்றவர்கள் செய்யும் சத்தியத்தைவிட இது ஒரு மடங்கு கூடுதல் உறுதி. கை கொப்புளித்ததற்கு மைன் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருக்கும் சரோஜம்மா சாட்சி. மஞ்சள் அரைத்துப் போட்டதே அந்த அம்மாள்தான்.

சரோஜம்மாவுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் ராஜமாணிக்கம். நந்திதுர்க் தங்க மைனில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷாஃப்ட் குழியில் இறங்கும் கேஜ் கூண்டை, மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்து லீவரைப் பிடித்து இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கேஜில் யார் நிற்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. கீழேயிருந்து பெல் வரும், அவ்வளவுதான். ஓடும் கேஜுக்கு ஒரு பெல் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறியாயிற்று, பதமாக மேலே எடு. மறுபடி அந்த ஒற்றை பெல் வரும்வரை கை லீவரை விடக்கூடாது, பூகம்பமே வந்தாலும் சரி. ‘டிரைவரோடு பேசாதே’ என்று எஞ்சின் ரூமில் ஒரு போர்டு தொங்கும். மைனை மூடியபோது யாரோ அந்தப் போர்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்கவேண்டும். பெண்சாதி செத்துப்போன பிறகு அந்தக் கதவை ரேஷன் கடைக்காரன்கூடத் தட்டியதில்லை.

அதற்காக அவருக்கு ஆள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே மகன் உதய் கப்பலில் சமையல்காரன். புயலுக்குப் பயந்து கப்பல் மணிலாவில் ஒதுங்கியபோது வெங்காயம் வாங்க மார்க்கெட்டுக்குப் போனான். பேரம் படியவில்லை. விடாக்கண்டன், மூன்று நாள் அந்தக் கடை வாசலிலேயே நின்றான். நாலாம் நாள் கடைக்காரப் பெண் மரிசெல் கழுத்தில் மாலை போட்டான். கப்பல் வெங்காயம் இல்லாமலே கிளம்பிப் போயிற்று. இப்போது அவர்களுக்கு ஒரு பெண். அது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு போனில் பேசும். அந்தப் பேச்சை லைன் வீடுகளில் வேறு யாரும் கேட்டதில்லை. நல்ல பேத்திகள் தாத்தாவின் காதுக்கு மட்டும்தான் பேசுவார்கள்.

“மணிலாவா? மல்லாக்கொட்டை ஊரா அது?” என்று முதன்முதலில் கேட்டவள் சரோஜம்மா.

“அதே ஊருதான்,” என்றார் ராஜமாணிக்கம். “அங்க ஒவ்வொரு வேர்க்கடலையும் தேங்கா சைஸ். உரிக்கறதுக்குக் கடப்பாறை வெச்சிருக்கான் உதய்.”

சரோஜம்மா “சர்த்தாண்ணா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு லைனில் யாராவது உதய் ஏன் வருவதில்லை என்று ஆரம்பித்தால், “நடுவுல கடல் கீதில்ல, நீந்தியா வருவான்?” என்று அவளே அடக்கிவிடுவாள்.

இப்படி இருக்கும்போது குவைத்திலிருந்து அதே லைன் பெண் அமலா திரும்பி வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். உடன் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ் பெண்கள். அவர்களோடு சேர்ந்து ஆடிப் பாடிப் பழகியவளுக்கு இங்கே வந்து பொழுது ஓடவில்லை. பெங்களூரில் இருந்த நாலைந்து பிலிப்பைன்ஸ் குடும்பங்களைப் பிடித்தாள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராபர்ட்சன்பேட்டை சர்ச் பக்கத்து ஹாலில், பிலிப்பைன்ஸ் கலை விழா என்று நோட்டீஸ் அடித்துவிட்டாள்.

நோட்டீஸ் கொடுக்க வந்தபோது ராஜமாணிக்கம் கேட்டார்: “மணிலாவுலேந்தே ஆளு வருதாம்மா?”

“ஒரு பொண்ணு வர்றா அங்கிள். அக்காவைப் பாக்க பெங்களூர் வந்திருக்கா. சூப்பரா ஆடுவா. பேரு லிகாயா.”

அன்று சாயங்காலமே லைன் முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது: ராஜமாணிக்கத்தின் பேத்தி லிகாயா தாயம்மா ஆட வருகிறாள், அப்பனும் ஆத்தாளும் கூட வருகிறார்கள். அதுவரை பேத்தியின் பெயரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாயம்மா என்பது அவருடைய பெண்சாதியின் பெயர்.

“உதய்க்கு நான் வேணா ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமாண்ணா?” என்றாள் சரோஜம்மா, மெதுவாக.

“வேணாம். இப்ப பிளேன்ல கீறான். எடுக்க மாட்டான்.”

“பிளேனு என்னைக்கு எறங்கும்?”

“அது பெரிய பிளேனு. மெதுவாத்தான் வரும்.”

விழா நாளில் கதவு திறக்கும் முன்பே ராஜமாணிக்கம் ஹால் வாசலில் நின்றார். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து மூன்றில் ஒன்றில் துண்டு, ஒன்றில் குடை, ஒன்றில் மூக்குக் கண்ணாடிக் கூடு என்று வைத்து இடம் பிடித்தார். அன்று கூட்டம் அப்படி. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து குடையைத் தொட்டாள். “ஆளு வருது,” என்றார். ஒரு போலீஸ்காரர் துண்டை நகர்த்தப் பார்த்தார். “ஆளு வருது சார். மணிலாவுலேந்து.” போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். சரோஜம்மா மட்டும் எதுவும் கேட்காமல் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

மூங்கில் வளைத்து, சிப்பித் தகடு ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு நட்சத்திர விளக்கு கட்டியிருந்தார்கள். அதை ஏற்றியதும், மாரிக்குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் சிக்னல் என்று நினைத்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார். பயணிகளும் சாப்பிட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை. அந்த நூடுல்ஸின் நீளம் ஆயுசின் நீளம் என்பது பிலிப்பைன்ஸ்காரர்கள் நம்பிக்கையாம். வெட்டாமல் சாப்பிடவேண்டும். ஒரு முனையை ஹாலுக்குள் வாயில் வைத்த லைன் பையன் பாபு மறு முனையைத் தேடி பாலகாட் மைன் வரைக்கும் போய்விட்டு வந்தான். வினிகரில் வேகவைத்த கறியும் இருந்தது. அதன் வாசனை பட்டதும் ஹால் ஜன்னல் கம்பியில் இருந்த துரு எல்லாம் உதிர்ந்து புதுக் கம்பியாகிவிட்டது.

வெண்கலக் கிண்ணங்களைக் கவிழ்த்தமாதிரி ஒரு வாத்திய வரிசை. அதில் இரண்டு பேர் குச்சியால் தட்டினார்கள். ராஜமாணிக்கம் அதைக் கேட்கவில்லை. வாசலைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூங்கில் ஆட்டம். இரண்டு நீள மூங்கில்களைத் தரையில் போட்டு, இரண்டு முனையிலும் ஆள் உட்கார்ந்து தட்டுகிறார்கள். தரையில் இரண்டு தட்டு, பிறகு மூங்கிலோடு மூங்கில் ஒரு தட்டு. சேரும்போது உள்ளே கால் இருந்தால் நசுங்கிவிடும். அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரவேண்டும். கண்ணியில் சிக்காமல் தத்திப் போகும் ஏதோ ஒரு வயல் பறவையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம் என்று அமலா மைக்கில் சொன்னாள். பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு முதலில் உள்ளே கால் வைத்தவள் லிகாயா.

டக், டக், டக்.

ராஜமாணிக்கம் எழுந்து நின்றார். இடது கை முன்னே நீண்டது, அங்கே இல்லாத லீவரைப் பிடித்தது. வலது கை பிரேக்குக்குப் போனது. மூன்று பெல். ஆள் ஏறியாயிற்று.

இங்கேதான் கவனமாகக் கேட்கவேண்டும். அவர் லீவரை மெதுவாக இழுக்க இழுக்க, ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. மூங்கில் ஒருவர் காலையும் கடிக்கவில்லை. பயிற்சி என்று அமலா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயிற்சியாவது! முன்வரிசையில் ஒரு மனுஷன் வேர்க்க விறுவிறுக்க அவர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டு வேகமானது, அவர் கையும் வேகமானது. டக் டக் டக், டக் டக் டக். எத்தனை ஷிஃப்ட் ஆட்கள் ஒரேயடியாக ஏறுகிறார்கள் என்று அவருக்கே ஆச்சரியம்.

“உக்காருய்யா, மறைக்குது!” என்று பின்னாலிருந்து குரல்.

“டிரைவரோட பேசாதே!” என்றார் ராஜமாணிக்கம், திரும்பாமல்.

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டலில் பெல் ஏது? நிறுத்தச் சொல்லும் அந்த ஒற்றைத் தட்டு வரவில்லை. அவர் கை லீவரிலேயே இருந்தது.

“முடிஞ்சுடுச்சுண்ணா. உக்காருங்க,” என்று சரோஜம்மா வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“எப்பிடி உக்கார்றது? ஆளு உள்ள கீது. ஸ்டாப் பெல் வரல.”

“யாருண்ணா உள்ள கீது?”

அவர் லீவரை இன்னும் இறுகப் பிடித்தார்.

அவர் விடாததால் ஆடியவர்களும் இறங்க முடியவில்லை. சாப்பாட்டு வரிசைக்கு அவர்களைப் பாவாடை நுனியைப் பிடித்துப் பட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். அவரைச் சுற்றிப் பெருக்கினார்கள். கடைசியில் ஹாலில் நாலே நாற்காலி. ஒன்றின் முன்னால் அவர், மற்ற மூன்றில் துண்டும் குடையும் கண்ணாடிக் கூடும். நாற்காலி மடக்குகிறவன் குடையை எடுக்கப் போனான். சரோஜம்மா முறைத்தாள். விட்டுவிட்டான்.

“இன்னா ஆச்சு அங்கிளுக்கு?” என்று அமலா ஓடி வந்தாள்.

“ஒரு தட்டு தட்டச் சொல்லும்மா,” என்றாள் சரோஜம்மா. “ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணையே தட்டச் சொல்லு.”

அமலா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். லிகாயா அந்தரத்தில் துடுப்பு போட்டுக்கொண்டே வந்து, மூங்கிலை எடுத்து, அவர் காலடியில் தரையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு தட்டு.

டக்.

ராஜமாணிக்கம் கையை எடுத்தார். ஆடியவர்கள் எல்லாரும் பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்தார்கள். ஒருத்தி கையில் இருந்த பாயசம் மட்டும் மேலேயே நின்றுவிட்டு அப்புறம் வந்தது.

லிகாயா குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதைத் தடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அவள் அவருடைய கையைப் பிடித்து, “லோலோ,” என்றாள்.

“கேட்டியா சரோஜா? தாத்தான்னு கூப்பிடுது.”

“தாத்தான்னு எல்லாக் கெழவனையும்தான் கூப்பிடுவாங்களாம்ணா, அமலா சொன்னா,” என்று சொல்லவந்த சரோஜம்மா, “தாத்தான்னு” என்பதோடு நிறுத்திக்கொண்டு, “ஆமாண்ணா, கூப்பிடுது,” என்று முடித்தாள்.

அவர் பேசினார். நந்திதுர்க், லீவர், தாயம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு, உதய் சின்னதில் எஞ்சின் ரூம் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே பேசக்கூடாது என்பதால் கையை மட்டும் ஆட்டுவது. எல்லாம் தமிழில். அவள் அவள் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அப்புறம் பெங்களூர் வேன் ஹாரன் அடித்தது. லிகாயா குடையை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். வேன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். திருப்பம் வரும்வரை ஆட்டினாள்.

துண்டையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். மைன் கழிவு குவிந்த சயனைட் மேட்டுக்குப் பக்கம் வந்ததும் சரோஜம்மா ஆரம்பித்தாள்.

“பேத்தி இன்னாண்ணா சொல்லிச்சு?”

“அவங்கப்பனுக்கு லீவு கெடைக்கலியாம். கெளம்பி ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டானாம். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்களாம். அழுதானாம்.”

“அய்யோ பாவம்.”

“அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றானாம்.”

“வருவாண்ணா. வராம எங்க போவான்.”

“இன்னா பண்றது சரோஜா,” என்றார் ராஜமாணிக்கம். “நடுவுல கடல் கீது.”

“ஆமாண்ணா. கடல் கீது.”

கல்யாணமாகாத உதய், பங்காரப்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். ஸ்கெலட்டனிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்.