கிட்வாய் நகரில் நூறு சதவீத ஈரப்பதம்

கூலர் மே மாதத்தில் குளிர்விக்கிறது, ஜூலையில் புழுக்குகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் பேராசிரியர் சதுர்வேதியின் கோடைக்கால ஆராய்ச்சி. எங்கள் மூன்றாம் ஆண்டிலிருந்து ஒருவனுக்கு இடம். அது எனக்குத்தான் என்று எங்கள் பேட்டையான கிட்வாய் நகரில் பாதிப் பேருக்குத் தெரியும். சொன்னது நான்.

போட்டிக்கு நின்ற பத்துப் பேரும் அவரவர் வீட்டில் ஒரு வாரம், பகல் இரண்டு மணிக்கு, காற்றின் ஈரப்பதத்தை அளந்து வரவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி, மற்றது வெறுமனே. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, காற்று அவ்வளவு வறட்சி.

இரண்டு மணிக்கு நான் கல்லூரியில் இருப்பேன், ஞாயிறன்று தூக்கத்தில். எங்களுக்கு வந்த ஜுரங்களால் அம்மாவுக்குத் தெர்மாமீட்டர் படிக்கத் தெரியும். அவள் மாலையில் சொல்வாள், நான் எழுதுவேன். எழுதினேன் என்றுதான் சொல்கிறேன். யோசித்தேன் என்று சொல்லவில்லை.

சதுர்வேதி என் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சேஷன், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்."

"யாரும் மூழ்கிவிடவில்லையே?"

"சார்?"

"ரெண்டு தெர்மாமீட்டரும் ஏழு நாளும் ஒரே அளவு. அப்படியென்றால் ஈரப்பதம் நூறு சதவீதம். ஊரெல்லாம் லூ, அனல்காற்று அடிக்கிறது, உன் பால்கனியில் மட்டும் மேகம். அரே பாப்ரே!"

எனக்கு வாய் உலர்ந்தது. என் கணக்குப்படி அதற்கும் வழியில்லை.

வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, தெர்மாமீட்டரை என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையேடா. ஒண்ணுக்கு ஈரத்துணி கட்டியிருந்தே, இன்னொண்ணு பாவம், அந்த அனல்காத்துல வெறுமனே தொங்கித்து. அதுக்கும் கட்டிவிட்டேன்."

"எதுக்கும்மா?"

"ஒண்ணா வாங்கிண்டு வந்த ரெண்டுக்குள்ள ஓரவஞ்சனை எதுக்கு?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அக்காவுக்கு வாங்கினால் எனக்கும் வாங்கும் வீடு இது. யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் சதுர்வேதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓரவஞ்சனை உட்பட. வெளியே போகச் சொல்லுமுன் நானே கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"நில். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு என்ன ஆயிற்று?"

"ஆந்தி சார். புழுதிக்காற்று, பின்னாலேயே மழை."

"சூடு?"

"சட்டென்று இறங்கிவிட்டது."

"உன் தாளிலும் இறங்கியிருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்கும் வியாழக்கிழமை நாற்பத்திரண்டு டிகிரி, கொளுத்தும் வெயில். போன வருஷ மாணவர்கள் கொடுத்ததன் காப்பி, அட்சரம் பிசகாமல்." ஒன்பது தாள்களையும் குப்பைக்கூடையில் போட்டார். "பத்து வீட்டில் ஒரு வீட்டில்தான் யாரோ உண்மையாகத் தெர்மாமீட்டரைப் பார்த்திருக்கிறார்கள். அது நீ இல்லை என்பது வேறு விஷயம். திங்கட்கிழமை வந்து சேர்."

நேற்றைய அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை. அதன் மேல் இது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அச்சா. அங்கேயாவது ரெண்டுக்கும் துணி கட்டறாளான்னு பாரு."