முந்திக்கொண்ட வாய்

ஒன்றாம் வகுப்பின் குட்டிப் பெஞ்சில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முழங்கால் இரண்டும் நெஞ்சை முட்டின. கிடங்கில் லாரி வந்து நிற்கும். மூட்டை இறக்க ஆள் குறைகிறதென்று மேஸ்திரி இந்நேரம் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருப்பார். அது கிடக்கட்டும். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் மகள் இன்று டீச்சர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். படித்தால் இரண்டாம் வகுப்பு. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே பெஞ்சு, அவளைவிடச் சின்னதுகளோடு.

கிளம்பும்போதே வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். “புள்ள தேறலன்னா நீங்களும் அவகூடவே உக்காந்துக்குங்க. துணைக்கு ஆச்சு.”

தேறாமல் என்ன? வேலை முடிந்து வந்து, இடுப்பு விட்டுப்போனாலும், பாடப்புத்தகத்தை அவன்தானே தினமும் படித்துக் காட்டினான். அவனே மீசை நரைக்கத் தொடங்கியபிறகு எழுத்துக் கூட்டிப் பழகியவன். ஒரு சொல்லில் திக்கி நின்றால் பக்கத்தில் இருப்பவன் இளிப்பான். அந்த இளிப்பு மகளுக்கு வேண்டாமென்று, அவள் கொஞ்சம் தயங்கினாலே இவன் முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். அவளும் அப்படியே திருப்பிச் சொல்வாள்.

வாலு புத்தகத்தைத் திறந்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்து, தண்ணீர்பட்ட பாடாக ஓட்டினாள்.

“மாடு புல் தின்றது. வயிறு நிறைந்தது. மாடு வீட்டுக்கு வந்தது.”

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டீச்சர் மட்டும் எட்டிப் பார்த்தார்.

“பாப்பா, ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு பாரு. நீ தெறந்து வெச்சிருக்கறது தவளப் பக்கம். இதுல மாடு எங்கம்மா?”

வாலு படத்தைப் பார்த்தாள். தவளையும் அவளைப் பார்த்தது.

“போயிடுச்சு டீச்சர்.”

பின்னால் காத்திருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குக் காது சூடேறியது.

“வீட்டுல நல்லா படிப்பா டீச்சர். இங்க பயத்துல…”

“படிக்கலீங்க, ஒப்பிக்கிறா. நீங்க சொன்னது அப்படியே பதிஞ்சிருக்கு. பொல்லாத ஞாபகம்.” டீச்சர் அலமாரியிலிருந்து வேறொரு கதைப் புத்தகத்தை எடுத்தார். “இது அவ காதுல விழாத கதை. ஒரு வரி படிக்கட்டும். நீங்க வாயத் தெறக்கக் கூடாது. உதட்டக்கூட அசைக்காதீங்க. அவ புத்தகத்தப் பாக்கறத விட உங்க உதட்டத்தான் பாக்கறா.”

“ஆ…” என்றாள் வாலு. நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அடுத்த எழுத்து அவன் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. விழுங்கினான். சிமெண்ட் மூட்டையோடு சரிவுப்பலகை ஏறும்போதுகூட இப்படி மூச்சு முட்டியதில்லை. பையில் போன் உறுமியது, அமுக்கினான். ஜன்னல் கம்பியைப் பார்த்தான், கரும்பலகையைப் பார்த்தான், எதுவும் சரிப்படவில்லை. எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், தண்டனை வாங்கிய பையனைப்போல.

பின்னால் சத்தமே இல்லை. ஏதாவது சொல்லித் தொலையேண்டி என்று மனசு அடித்துக்கொண்டது.

“ஆட்… ஆட்டு…”

யாரோ பெஞ்சை இழுத்தார்கள். அவன் நகத்தைக் கடித்தான்.

“ஆட்டுக்குட்டி ப… பட்டு… இல்ல. பட… கு. படகில்.” மூச்சு வாங்கினாள். “ஏறி… ஏறியது.”

திரும்பலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது வாலு சிரித்தாள்.

“அப்பா, ஆட்டுக்குட்டி படகுல ஏறுதாம்பா.”

பாடப்புத்தகத்தில் இதைவிட வேடிக்கையான கதைகள் உண்டு. ஒன்றுக்கும் அவள் சிரித்ததில்லை. அவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“திரும்புங்க,” என்றார் டீச்சர். “ஒரு எடத்துல தடுக்குனா, தானே சரி பண்ணிக்கிட்டா. எனக்கு அது போதும். ரெண்டாம் வகுப்புக்கு அனுப்பறேன். இந்தப் புத்தகத்த எடுத்துட்டுப் போங்க. அவ படிக்கணும், நீங்க கேக்கணும். மாத்திடாதீங்க.”

“சரிங்க டீச்சர்.”

புத்தகத்தை வாங்கக் கை நீட்டினான். வாலு அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“தரமாட்டேன். நீ எனக்கு முன்னாடி படிச்சிடுவ,” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் வாசலைத் தாண்டி ஓடினாள்.