எலுமிச்சை நிற்கும் கை

...பத்து நிமிடத்தில் எலுமிச்சை அப்படியேதான் இருந்தது, அதை எழுதியாயிற்று, அதில் சந்தேகம் இல்லை, தோலைக் கிள்ளும்போது கண்ணில் தெறிக்குமே அந்தக் குளிர்ந்த கூர்மை, அதற்குப் பின்னால் இன்னும் வாய் திறக்காமல் நிற்கிற ஒரு பச்சை... ஆனால் அரை மணிக்கு என்ன எழுதுவது, ஷேர் ஆட்டோவில் இத்தனை பேருக்கு நடுவே எண்ணெய் தடவிய இடது மணிக்கட்டைத் தூக்கி முகர்ந்தால் எதிரே காய்கறிக் கூடையை அணைத்தபடி இருக்கும் அம்மாள் என்ன நினைப்பார் என்று சத்யப்ரியா யோசித்தாள். முடியை ஒதுக்குவது போல் கையை மேலே கொண்டுபோனாள், ஒரு மூச்சு, போதும். எலுமிச்சை. கொஞ்சம் மெலிந்திருக்கிறது, நாரத்தை இலையைக் கசக்கிய கசப்பு பக்கத்தில் வந்து நிற்கிறது, என்றாலும் எலுமிச்சைதான். மணி ஒன்று நாற்பது. பொழிச்சலூர் மேலே ஒரு விமானம் வயிறு தெரிய இறங்கியது, ஆட்டோவில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஏறி நெருக்கி உட்கார்ந்தாள், சத்யப்ரியாவின் வலது கை பையின் சின்ன ஜிப்புக்குள் போயிற்று, அங்கே இருப்பதை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே வந்து இடது கையை ஒரு தடவு தடவியது, கண்ணாடியைச் சரிசெய்வது போல, துப்பட்டாவை இழுத்துவிடுவது போல. அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை.

நோட்டில் நான்கு கட்டங்கள், பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி, மூன்று மணி. பதினான்கு மாதமாக இதுதான் வேலை. வேதியியல் படித்துவிட்டு எங்கெங்கோ விண்ணப்பம் போட்டு, கடைசியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் வாசனை எண்ணெய்க் கம்பெனியில் கையைக் காட்டி முகரும் வேலை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது, யாரிடமும் பேச வேண்டாம், தோல் பேசும், அவள் எழுதினால் போதும். எண்ணெயைக் கலப்பவர் லாசரஸ் அண்ணன். ஏழு மாதமாக இந்த ஒன்றையே கலைத்துக் கலைத்துச் சேர்க்கிறார், எலுமிச்சை, நாரத்தை இலை, துளசி, திருநீற்றுப் பச்சிலை, அடியில் கொஞ்சம் வெட்டிவேர், எல்லாம் மணமில்லாத தேங்காய் எண்ணெயில். எலுமிச்சை நிற்காது என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள தலைவலி, சின்ன மூலக்கூறு, கதவு திறந்ததும் முதலில் ஓடிவிடும். பேக்கிங்கில் இருக்கும் ஜோதிலட்சுமி அக்கா கையில் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. சத்யப்ரியா கையில் மட்டும் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று நின்றது. முதல் தடவை நோட்டைப் பார்த்துவிட்டு லாசரஸ் அண்ணன் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார், அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். தோலுக்குத் தோல் மாறும்மா, உன் தோல் நல்ல தோல், என்றார். ஜோதிலட்சுமி அக்கா விடவில்லை, ஆமா, எங்க தோலெல்லாம் கோணிப்பை, என்றாள். அந்த நோட்டை வைத்துத்தான் லேபிள் அடித்தார்கள், இரண்டு மணி நேரம் நிற்கும் எலுமிச்சை என்று. இன்று சனிக்கிழமை, அரை நாள். மூன்று மணிக்கு முதலாளி ஹேமநாத் சார் வந்து கையெழுத்துப் போடுவார், திங்கட்கிழமை முதல் இருபது லிட்டர் இறங்கும். இன்றைய நோட்டு வெறும் சம்பிரதாயம்தான், ஒரு மணிக் கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிடும்மா, என்று வாசலில் சொல்லி அனுப்பினார் லாசரஸ் அண்ணன்.

பல்லாவரத்தில் ரயில் காத்திருக்க வைக்கவில்லை. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது, மணி இரண்டு பத்து, மணிக்கட்டை மூக்குக்குக் கீழே வைத்தாள். எலுமிச்சை. அதுவும் தெளிவாக. அரை மணிக்கு இருந்ததைவிடத் தெளிவாக... அதைவிடவா? பேனாவைத் திறந்தவள் மூடினாள். மெலிந்தது எப்படித் தடிக்கும்? குறைந்துகொண்டே போவதற்குத்தான் வளைவு உண்டு, படித்திருக்கிறாள், வரைந்திருக்கிறாள், எந்த வளைவும் இடையில் திரும்பி மேலே ஏறாது, யாராவது மேலே ஊற்றினால் ஒழிய. மறுபடி முகர்ந்தாள். துளசி இப்போது வந்திருக்கவேண்டும், அதுவும் இருக்கிறது, ஆனால் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல. எதிர் இருக்கையிலிருந்து ஒரு பெண் இடம் மாறி அருகே வந்து உட்கார்ந்தாள், உடனே வலது கை பையை நோக்கி நகர்ந்தது, சத்யப்ரியா அதைப் பார்த்தாள். தன் கையை வேறொருத்தியின் கை போலப் பார்த்தாள். ஜிப்பைத் திறந்தது, உள்ளே போயிற்று, வெளியே வந்தபோது கட்டைவிரல் நகத்துக்குள் மஞ்சளாக ஒரு கீற்று. எலுமிச்சைத் தோல். காலையில் கிளம்பும்போது பிழிந்த பழத்தின் மூடியை எடுத்து ஜிப்புக்குள் போடுவது, பல் தேய்ப்பதைப் போல, அதை ஒரு காரியமாகவே அவள் நினைத்ததில்லை. சோதனைக்கு முன் வாசனையில்லாத சோப்பால் கழுவ வேண்டும், மல்லிகை கூடாது, பவுடர் கூடாது, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள்... பதினான்கு மாதம். எத்தனை கட்டங்கள். ரயில் குரோம்பேட்டையில் நின்று கிளம்பியது, அஸ்தினாபுரத்துக்கு அங்கேதான் இறங்கவேண்டும், இறங்கவில்லை, கதவு தாண்டி நடைமேடை பின்னால் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சொல்லாமல் விடலாம். யாருக்குத் தெரியும்? தோலுக்குத் தோல் மாறும் என்று லாசரஸ் அண்ணனே சொன்னார். இருபது லிட்டர் போய்விடும், வாங்குகிறவர்கள் எலுமிச்சை கால் மணியில் போய்விட்டது என்று சொன்னால் வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்... அவர் சொல்வார், நம்புவார், அடுத்ததையும் அவள் கையில்தான் தடவிப் பார்ப்பார். சொன்னால்? தோல் எதற்குப் பையில் என்று கேட்பார். அதுதான். எண்ணெயில் தப்பு, நோட்டில் தப்பு, இதெல்லாம் சொல்லிவிடலாம், அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான்... உங்க அம்மா என்ன பண்றாங்க என்று சேர்ந்த புதிதில் ஜோதிலட்சுமி அக்கா கேட்டபோது பிசினஸ் என்று சொல்லியிருந்தாள், அக்கா, ஓ, என்று சொல்லிவிட்டு மூடிகளை எண்ணத் தொடங்கினாள், அதோடு சரி. மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் தவிர எதையும் அவள் கொண்டுபோனதில்லை. இத்தனைக்கும் கடலோரத்துக் கானத்தூர் குப்பத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது, அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் உட்காருகிறாள், காலையில் மீன் கூடையைத் தூக்கி ஆட்டோவில் வைக்க ஒரு கை பிடிப்பதோடு சத்யப்ரியாவின் மீன் முடிந்துவிடும். ஒரு கை பிடிப்பது. அதற்கு அரை எலுமிச்சை. மீன் வாடையின் அமினும் எலுமிச்சையின் அமிலமும் சேர்ந்தால் உப்பாகிவிடும், மணம் எழும்பாது, கல்லூரியில் அந்த வரியைப் படித்த அன்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, அம்மா செய்தது சரிதான், புத்தகத்திலேயே இருக்கிறது என்று.

தாம்பரத்தில் இறங்கி நடைமேடைக் குழாயில் கை கழுவினாள், முழங்கை வரை. பிறகு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வலது முழங்கையின் உள்மடிப்பில், எலுமிச்சைத் தோல் ஒருநாளும் எட்டாத இடத்தில், பையில் இருந்த சோதனை எண்ணெய்க் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. மணி இரண்டு இருபத்தைந்து. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள், நகரக்கூடாது என்று. ஐந்து நிமிடம் எலுமிச்சை கூவியது. பத்தில் நாரத்தை இலை, நரம்பைக் கிழித்தால் வருகிற கசப்பு. பதினைந்தில் எலுமிச்சை கதவருகே நின்று செருப்பைத் தேடியது, பதினெட்டில் இல்லை. அவ்வளவுதானா? மீண்டும் முகர்ந்தாள், இல்லை. அது போன இடத்தில்... அவள் எதிர்பார்த்திருந்தது ஒரு வெறுமையை, ஆனால் துளசி வந்தது, சுவரில்லாமல், மழை நின்றபின் செடியைத் தொட்டால் வருவது போல, அதோடு திருநீற்றுப் பச்சிலையின் குளிர்ச்சி, தொண்டை வரை இறங்குகிற இனிப்பு. இது இத்தனை நாள் இங்கேயா இருந்தது? லாசரஸ் அண்ணன் ஏழு மாதமாகக் கலந்தது இதைத்தானே, அதை அவள் முகரவே இல்லை, எலுமிச்சை, எலுமிச்சை என்று எழுதி எழுதி அதன் மேல் மூடி போட்டிருக்கிறாள். மணி இரண்டு நாற்பத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நிமிடம். போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

அண்ணா, லேபிள்ல போட்டிருக்கிற ரெண்டு மணி நேரம் தப்பு, என் நோட்டுதான் தப்பு, என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், பையில் தோல் இருப்பதையும், தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்ததையும். அந்தப் பக்கம் ஒரு விமானச் சத்தம் வந்து அடங்கியது.

"தோல் எதுக்கும்மா?"

"எங்க அம்மா மீன் விக்கிறாங்கண்ணா. தாம்பரம் மார்க்கெட்ல."

"சரி. நான் அம்மாவக் கேக்கல, தோல் எதுக்குன்னு கேட்டேன்."

அவருக்குப் புரியவேயில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. மீன் வாசனை வரும்ல, என்றாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யார்கிட்ட, உன்கிட்டயா? மூக்க வச்சுதாம்மா நான் சோறு திங்கிறேன். பதினாலு மாசமா பக்கத்துல நிக்கிற, எனக்கு வரலியே." பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்திருக்கவேண்டும், குரல் இறங்கியது. ஏழு மாசம்மா, இப்ப சார் கிட்ட நான் என்னான்னு சொல்லுவேன், என்று தனக்கே சொல்வது போலச் சொன்னார். போன் வைக்கப்பட்டது. அடிக்காமல், மெதுவாக.

வேலை இருக்குமா, தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்ப மறுபக்க நடைமேடைக்குப் போகவேண்டியவள் பாலத்தில் ஏறி மார்க்கெட் பக்கம் இறங்கினாள், கால் அதன் பாட்டுக்குப் போயிற்று. அம்மா அங்காளம்மா கூடைக்குப் பின்னால் ஒருத்தருக்குச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், செதில் முழங்கை வரை ஒட்டி வெயிலில் மின்னியது. இன்னாடி இங்க வந்துகினு கீற, வூட்டுக்குப் போவல, என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் காலால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளிவிட்டாள், கூடையிலிருந்து தள்ளி, தூரமாக. சத்யப்ரியா அதில் உட்கார்ந்தாள். எப்போதும் இவ்வளவு தூரம்தானா? கூட்டம் வந்தது, போனது, ஐஸ் உருகி ஓடியது. நாலே காலுக்கு லாசரஸ் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி, சார் கையெழுத்துப் போடவில்லை, திங்கட்கிழமை வா, பையில் அது இல்லாமல் வா. அதைப் பலமுறை படித்தாள். வா என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் யார் சொன்னது, தன் மேல் மீன் நாற்றம் என்று? யோசித்தாள், பெஞ்சு பெஞ்சாக முகங்களைக் கொண்டுவந்து நிறுத்திக் கேட்டுப் பார்த்தாள். சினேகா சொல்லவில்லை, அவள் ரிப்பனைத்தான் கேலி செய்வாள். டீச்சர் சொல்லவில்லை. யாரும் சொன்னதாக... தினமும் காலையில் சீருடை போட்டபின் அம்மா அவளை வாசல் படியில் நிறுத்தி, அரை மூடியை எடுத்து, விரல் விரலாக, இடுக்கு இடுக்காக...

"ஏம்மா, நீ ஒருநாளும் எலுமிச்சை தேய்ச்சுக்கிட்டதில்லையே."

"எனுக்கு இன்னாத்துக்கு? நானா இஸ்கூல் போறேன்?" அம்மா சிரித்தபடி கத்தியைக் கழுவினாள்.

ஐந்து இருபத்தைந்து. மூன்று மணிக் கட்டம். வலது முழங்கை மடிப்பை முகர்ந்தாள். வெட்டிவேர், ஈரமண், துளசியின் தண்டு, எல்லாம் தாழ்ந்த குரலில், அதற்கும் அடியில் வெதுவெதுப்பாக, லேசாக உப்புக் கரிக்கிற ஒன்று, எண்ணெயில் இல்லாதது. இது மார்க்கெட்டா, மீனா, இல்லை இதுதான் தானா? பிரித்துச் சொல்ல முடியவில்லை, இதற்கு முன் இதைத் தனியாக முகர்ந்ததில்லை. ஒப்பிட வேறொரு தோல் வேண்டும், எதுவும் தேய்க்காத தோல். குப்பியின் மூடியைத் திறந்துகொண்டு முக்காலியை முன்னே இழுத்தாள், கூடைக்கு அருகே, முழங்கால் இடிக்கும் அளவுக்கு.

"கையக் குடும்மா. ஒரு சொட்டு."

அங்காளம்மா குப்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கையைப் புடவையில் ஒருமுறை துடைத்தாள், மறுபடி துடைத்தாள், பிறகு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நாறும்டி," என்றாள் மெதுவாக.

அந்தச் சொல்லை இந்தக் குரலில்தான் கேட்டிருக்கிறோம் என்று சத்யப்ரியாவுக்குத் தோன்றியது, வேறு எந்தக் குரலிலும் இல்லை. திறந்த குப்பியிலிருந்து எலுமிச்சை போய்க்கொண்டிருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.