பன்னிரண்டாவது சாவு

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு படப்பிடிப்புத் தளத்துக்குள் வந்த கொரின் லாசிட்டர், கறுப்புக் கையுறையை வலது கையில் மாட்டியிருந்தாள். இதே காட்சிக்குச் செவ்வாய்க்கிழமை எடுத்த ஷாட்டில் அது இடது கையில் இருந்தது. இதைக் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கதாநாயகனின் சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கோப்பையில் விஸ்கி எந்த மட்டத்தில் நின்றது, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த ஷாட்டில் மாறியிருந்தால் கத்த வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஷாட்டும் ஒட்டாது, எடுத்தது வீண். ஒன்பது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். யுத்தம் வந்து போனது, ஸ்டூடியோ முதலாளி மூன்று கல்யாணம் செய்துகொண்டார், என் கண்ணுக்கு ஒரு பொத்தான்கூடத் தப்பியதில்லை. அன்றும் கத்துவதற்காக வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

கொரினுக்கு அது பன்னிரண்டாவது சாவு. ஊரைக் கெடுக்கும் அழகி வேடம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டவள் தப்பித்துப் போகக் கூடாது என்பது தணிக்கைக்காரர்களின் விதி. அதனால் கடைசி ரீலில் அவள் செத்தே ஆக வேண்டும். இந்தப் படத்தில் அவள் ஒரு ஆரஞ்சுத் தோட்டக்காரரின் மனைவி. வக்கீல் ஒருவனைக் காதலிக்கிறாள், இருவரும் சேர்ந்து கிழவரை விஷம் வைத்துக் கொல்கிறார்கள், கடைசியில் ஹோட்டல் அறையில் வக்கீலே அவளைச் சுட்டுவிடுகிறான். அவன் மடியில் விழுந்து, அழுது, மன்னிப்புக் கேட்டுவிட்டு அவள் சாக வேண்டும். வக்கீலும் மாட்டிக்கொள்வான்தான். ஆனால் படம் முழுக்கப் பின்னணிக் குரலில் தன் சோகத்தைச் சொல்லிப் புலம்ப அவனுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அன்று காலை இதைச் சொல்லித்தான் கொரின் டைரக்டர் ஹார்கின்ஸோடு மல்லுக்கு நின்றாள்.

"சாகறதுல எனக்கு ஒண்ணுமில்ல ஹார்கின்ஸ். பதினோரு தடவ செத்தாச்சு. மாடியிலேர்ந்து விழுந்திருக்கேன், கார்ல எரிஞ்சிருக்கேன். ஆனா இவன்கிட்ட எதுக்கு மன்னிப்பு? விஷத்த வாங்கிட்டு வந்தது யாரு? இவன்தானே?"

"அவன் ஒன் மேல இருந்த காதல்ல செஞ்சான்மா."

"நான் மட்டும் என்ன, பொழுது போகாமயா செஞ்சேன்?"

விளக்குக்காரர்கள் ஏணி மேலேயே சிரித்துவிட்டார்கள். ஹார்கின்ஸ் சிரிக்கவில்லை. "நான் சொல்ற மாதிரி மொதல்ல நடி. சுருள்ல ஃபிலிம் மிச்சமிருந்தா ஒன் இஷ்டத்துக்கு ஒரு தடவ எடுக்கறேன். எடிட்டிங் ரூம் தரையில வெட்டிப் போடறதுக்கு ஆகும்" என்றார்.

அந்த மன்னிப்புப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் கணவர் ரால்ஃப் கடற்படையிலிருந்து திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அவர் போகும்போது நான் அரைநாள்தான் ஸ்டூடியோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், வந்து பார்க்கும்போது முழுநாளும். சூப் ஆறிப்போனால் ஸாரி, பஸ் தாமதமானால் ஸாரி, அவர் பேசும்போது டெலிபோன் மணி அடித்தால் அதற்கும் ஸாரி. அவர் கெட்டவர் இல்லை. கேட்டு வாங்கியதும் இல்லை. நானேதான் கொடுத்துப் பழக்கிவிட்டேன்.

ஹார்கின்ஸ் சொன்னபடி மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் கொரின் வக்கீலின் மடியில் விழுந்து, "என்ன மன்னிச்சிடு" என்று தேம்பி, கண்ணீரைக் கையுறை போட்ட வலது கையால் துடைத்துக்கொண்டாள். கேமரா பக்கத்தில் இருந்தது. கை முகத்துக்கு நேராக வந்தது. குருடன்கூடக் கண்டுபிடிப்பான். ஒவ்வொரு முறையும் ஹார்கின்ஸ் என் பக்கம் திரும்பி, "வில்மா, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். "சரியா இருக்கு சார்" என்றேன்.

சுருளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கொரினின் முறை. நான் எழுந்துபோய் அவள் வலது கையிலிருந்து கையுறையைக் கழற்றி இடது கையில் மாட்டினேன்.

"என்ன பண்ற?"

"இது இடது கையிலதான் இருக்கணும்."

"அப்போ இவ்ளோ நேரம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

துப்பாக்கி வெடித்தது. அவள் விழவில்லை. ஜன்னல் திரையைப் பிடித்து நின்றாள். வக்கீலிடம் நடந்துவந்து, கோணலாகத் தொங்கிய அவன் டையை நேராக்கினாள். "ஒன்ன நேசிச்சேன். அதுக்கு நான் வருத்தப்படல" என்றாள். அதன் பிறகுதான் கால் மடங்கியது. என் நோட்டில் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

சாயங்காலமே அந்த ஹோட்டல் அறை அரங்கத்தைப் பிரித்துவிட்டார்கள். வக்கீலாக நடித்தவர் அடுத்த படத்துக்காக மெக்சிகோ போய்விட்டார். திங்கட்கிழமை எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். சின்னத் திரையில் கொரின் வலது கையால் கண்ணைத் துடைத்தபடி உறைந்து நின்றாள். ஹார்கின்ஸின் கழுத்து சிவந்திருந்தது.

"ஒம்பது வருஷம் வில்மா! இப்ப அவ இஷ்டத்துக்கு எடுத்த அந்த ஒரு ஷாட்டத் தவிர என் கையில வேற எதுவும் இல்ல. இத்தன நடந்தும் ஒரு ஸாரி வரமாட்டேங்குதே ஒன் வாயிலேர்ந்து?"

சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்தது. "ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுங்க சார்" என்றேன்.

"காட்டத்தான் போறேன். பாசடீனாவுல ஒருத்தன் சிரிச்சான்னாலும் சரி, மறுநாள் நீ வேற வேல தேடிக்க."

அடுத்த வெள்ளிக்கிழமை பாசடீனாவில் முன்னோட்டக் காட்சி. வேறு படத்துக்கு வந்த கூட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நம் படத்தைப் போட்டு, முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையும் குட்டிப் பென்சிலும் கொடுத்து அபிப்பிராயம் கேட்பார்கள். அந்த அட்டைகள் சொல்வதுதான் தீர்ப்பு. நானும் கொரினும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டிருந்தாள், அடையாளம் தெரியக் கூடாதாம். துப்பாக்கி வெடித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரையில் வக்கீலின் டையை நேராக்கினாள். அந்த வசனத்தைச் சொன்னாள். விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை. பால்கனியிலிருந்து ஒரு பெண் கை தட்டினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எண்ண முடியவில்லை. வக்கீலின் பின்னணிக் குரல் கடைசியாக என்ன புலம்பியது என்று இன்றுவரை அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

வெளியே கூடத்தில் வழக்கமாகப் பாதிப் பேர் அட்டையை வாங்காமலே கார் நிறுத்திய இடத்துக்கு ஓடுவார்கள். அன்று ஆண்கள் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் காத்து நின்றார்கள், பெண்கள் அட்டையும் கையுமாகக் கூடத்தை விட்டு வருவதாக இல்லை. ஸ்டூடியோ ஆள் ஹார்கின்ஸிடம் ஓடிவந்தார்.

"பென்சில் தீந்துபோச்சு சார்."

"தீந்துபோச்சா? அப்ப வீட்டுக்கு அனுப்பு."

"போகமாட்டேங்கறாங்களே!"

பேக்கரிச் சீருடையில் இருந்த ஒருத்தி கைப்பையைத் திறந்து லிப்ஸ்டிக்கை எடுத்தாள். அட்டையைத் தோழியின் முதுகில் வைத்து அழுத்தி எழுதினாள். நேராக ஹார்கின்ஸிடம் வந்து நீட்டினாள், அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அட்டை முழுவதையும் அடைத்துக்கொண்டு இரண்டே சொற்கள் இருந்தன: 'அவள் அழவில்லை.'

"ஏய், அத இங்க குடுடி" என்றாள் பின்னால் நின்றவள். லிப்ஸ்டிக் கை மாறியது. அடுத்தவளுக்குப் போனது, அதற்கு அடுத்தவளுக்கு. கூடத்தின் கோடியில் இன்னும் இரண்டு பைகள் திறந்தன. ஹார்கின்ஸ் ஒவ்வொரு அட்டையாக வாங்கிக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் பத்தும் சிவப்பாகிவிட்டன. துடைத்துக்கொள்ள ஒரு கையும் ஒழியவில்லை.